அருவருப்பை வென்ற அண்ணல்

மனித மனத்தில் எழும் உணர்ச்சிகளுள் அருவருப்பும் ஒன்று. அழுகிய உணவையும் மலத்தையும் கண்டவிடத்து முகஞ்சுளித்து விலகுதல், உடலை நோயினின்று காக்கும் இயல்பேயாகும். ஆயினும் கைக்குழந்தைக்கு அவ்வுணர்ச்சி இல்லை. எதையும் எடுத்து வாயிலிடும். எதைக் கண்டு கூசவேண்டும் என்பதை வீடும் ஊருமே அதற்குக் கற்பிக்கின்றன. அக்கல்வி மனிதன்மேல் திரும்புமாயின் விளையும் தீங்கு எத்தகையது என்பதை டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கார் அவர்களின் வாழ்க்கையிலே நாம் காண்கிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவில் மௌ என்னும் படைமுகாமில் அண்ணல் பிறந்தார். சதாராவில் பயின்ற காலத்தில், வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணியின்மீது வகுப்பின் ஒரு மூலையில் தனியே அமர்ந்தார். தாகம் எடுப்பினும் குழாயைத் தாமே திறக்கலாகாது; பள்ளிச் சேவகன் வந்து திறந்தாலன்றித் தண்ணீர் இல்லை. நாவிதர் தலையைத் தொட மறுத்தமையால் தமக்கையாரே அவருக்கு முடி வெட்டினார்.

கல்வி வளர்ந்தால் இவ்விழிவு தானே நீங்கும் என்பார் உளர். நியூயார்க்கிலும் லண்டனிலும் உயர்கல்வி கற்று, 1917ஆம் ஆண்டு பரோடா அரசாங்கத்தில் பதவியேற்ற அண்ணலுக்கு நேர்ந்தது யாது? அலுவலகச் சேவகர்கள் தாள்கட்டுகளைக் கையிற் கொடாமல் தூரநின்று எறிந்தனர். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைத் தடியேந்தி வந்த கூட்டம் வெளியேற்றியது. கற்றோரும் தூயோருமான அவரிடத்தே எந்த அழுக்கைக் கண்டு அவர்கள் கூசினர்? பிறப்பையன்றி வேறெதனையும் கண்டாரிலர்.

1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் தம் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். விலங்குகள் குடித்தும் கெடாத நீர், மனிதர் குடித்ததனால் கெட்டதென்று சாதி இந்துக்கள் கூறினர். சாணமும் கோமூத்திரமும் தயிரும் கலந்த 108 குடங்களை அக்குளத்தில் ஊற்றிச் சுத்திசெய்தனர். சாணத்துக்குக் கூசாத மனம் சகமனிதனின் கைக்குக் கூசிற்று! கற்பிக்கப்பட்ட அருவருப்பு அறிவை எவ்வளவு மயக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இழிவுபடுத்தப்பட்டோர் நாளடைவில் தம்மைத் தாமே இழிவாகக் கருதத் தொடங்குவர். இக்கேட்டை உணர்ந்தே, செத்த மாட்டிறைச்சியையும் எச்சில் உணவையும் விட்டொழிக்குமாறு மகாட் மாநாட்டில் அவர் வற்புறுத்தினார். 1937இல் பம்பாய் உயர்நீதி மன்றமும் குளத்தின்மீது நமக்குள்ள உரிமையை ஏற்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் விதி தீண்டாமையை ஒழித்தது. எனினும் சட்டம் செயலைத் தண்டிக்கும். முகச்சுளிப்பைத் தண்டிக்க அதனால் இயலாது. மனத்துக்கு மருந்து மனத்திலேயே வேண்டும்.

அம்மருந்தைப் பகவன் புத்தரின் தம்மத்தில் அண்ணல் கண்டார். நம் பேராசிரியர் லட்சுமி நரசு அவர்கள் இயற்றிய பௌத்த நூலுக்கு 1948இல் முன்னுரை எழுதி வெளியிட்டார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தரானார். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் பரிநிர்வாணம் எய்தினார். உடலின் 32 கூறுகளை எண்ணித் தியானிக்கத் தம்மம் பணிக்கிறது. அதனைப் பயில்வோன் தன் உடலும் பிறர் உடலும் ஒரே தன்மையன என்று உணர்வான். எவனை அவன் தாழ்ந்தவன் என்பான்? வாடிய பூக்குப்பை வாரிய சுனீதரைப் பகவன் சங்கத்தில் ஏற்றதும் இவ்வுண்மை பற்றியே.

இனி நம்மை நாமே வினவிக்கொள்வோம். படித்துப் பதவியுற்ற நம்மில் ஒருவர், இன்னும் துடைப்பம் ஏந்தும் உறவினரைக் கண்டு கூசுவதில்லையா? அவர் வீட்டுத் தண்ணீரைத் தயங்காது அருந்துகிறோமா? அத்தயக்கம் நம்மிடம் ஓர் அணுவளவு எஞ்சியிருப்பினும் மகாட் குளத்தில் ஊற்றிய குடங்களுள் ஒன்று நம் கையிலும் இருக்கிறதென்று அறிவோமாக. அதனை இன்றே கீழே வைப்பது அண்ணலுக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.