ம. சிங்காரவேலர்

ம. சிங்காரவேலர் (பெப்ரவரி 18, 1860 - பெப்ரவரி 11, 1946) தென்னிந்தியாவின் முதல் பொதுவுடைமையாளராகக் கருதப்படுபவர். வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், இதழாசிரியர், பகுத்தறிவாளர். சிந்தனைச் சிற்பி என்று அழைக்கப்படுகிறார்.

இளமை

சென்னை அயோத்தியாகுப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தார். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பின்னர் சட்டம் பயின்று, 1907 இல் சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார். சாதியையும் சடங்குகளையும் மறுத்த அவர், அயோத்திதாசர், லட்சுமி நரசு ஆகியோர் ஈடுபட்டிருந்த பௌத்த இயக்கத்தில் இணைந்து பணியாற்றினார். கடற்கரைச் சாலையிலிருந்த அவரது இல்லத்தில் மிகப் பெரிய நூலகம் ஒன்று இருந்தது. அவருடைய பிற்கால எழுத்துகளுக்கு இதுவே ஊற்றாக அமைந்தது எனலாம்.

தொழிலாளர் இயக்கம்

ஒத்துழையாமை இயக்கத்தின் போது, 1921 இல், தமது வழக்கறிஞர் அங்கியை எரித்து நீதிமன்றத்தைத் துறந்தார். 1922 டிசம்பரில் நடைபெற்ற கயா காங்கிரசில் தம்மைப் பொதுவுடைமையாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக் கொண்டார். 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே நாள் விழாவைச் சென்னைக் கடற்கரையில் நடத்தினார். அதே ஆண்டில் இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கி, அதன் சார்பில் தமிழில் தொழிலாளன் என்ற இதழையும் ஆங்கிலத்தில் லேபர் கிசான் கெசட் என்ற இதழையும் நடத்தினார்.

1924 கான்பூர் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டார். எனினும் உடல்நலக் குறைவு காரணமாக விசாரிக்கப்படவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய முதல் இந்தியப் பொதுவுடைமை மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தை ஒட்டிப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு 1930 இல் விடுதலையானார். அப்போது அவருக்கு வயது 70.

பகுத்தறிவு எழுத்துகள்

பெரும்பாலோர் ஓய்வு பெறும் அந்த வயதிற்குப் பின்னரே அவரது எழுத்துப் பணியின் மிகச் செழிப்பான காலம் அமைந்தது. பெரியாரின் குடிஅரசு இதழில் அண்டத்தின் தோற்றம், உயிர்களின் பரிணாமம், மனம், கடவுள் நம்பிக்கை, மூடநம்பிக்கை ஆகியவை பற்றித் தொடர்ந்து எழுதினார். அறிவியலுக்குத் தமிழில் கலைச்சொற்கள் போதிய அளவு உருவாகாத காலம் அது. ஆகவே தெரிந்த பொருள்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வினாவெழுப்பி விடை கூறும் முறையில் விளக்கினார். நடை சில இடங்களில் கரடுமுரடானது. ஆயினும் கல்லூரி வாயிலை மிதிக்காத வாசகருக்கு டார்வினை அறிமுகம் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

மதத்தை மறுப்பது மட்டும் போதாது என்பது அவரது உறுதியான கருத்து. வறுமையும் அச்சமும் உள்ளவரை மூடநம்பிக்கை வேறு வடிவில் திரும்பும் என்றும், பொருளாதாரச் சமத்துவமே அதன் வேரை அறுக்கும் என்றும் வாதிட்டார். சோவியத் நாட்டுப் பயணத்திலிருந்து பெரியார் திரும்பியபின், 1932 டிசம்பர் இறுதியில் ஈரோட்டில் கூடிய சுயமரியாதை இயக்கத்தினர் முன் சமதர்மத் திட்டம் வைக்கப்பட்டது. இதனை வகுத்ததில் சிங்காரவேலருக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 1934 இல் அரசு பொதுவுடைமைக் கட்சியைத் தடை செய்தது. அடக்குமுறையில் சமூகச் சீர்திருத்தப் பணியும் அழிந்துவிடக் கூடாது எனக் கருதிய பெரியார் அத்திட்டத்தைக் கைவிட்டு, நீதிக்கட்சியை ஆதரித்தார். நிலவுடைமையாளர் செல்வாக்கு மிகுந்த கட்சியுடன் உறவு கொள்வதைச் சிங்காரவேலர் ஏற்கவில்லை. ஜீவானந்தம் முதலியோரும் அவ்வாறே விலகினர். 1935 இல் சிங்காரவேலர் புது உலகம் என்ற தமது சொந்த இதழைத் தொடங்கினார்.

இறுதிக் காலம்

முதுமையிலும் தொழிலாளர் கூட்டங்களில் கலந்து கொண்ட அவர், 1946 இல் தமது 86 ஆவது அகவையை எட்டும் முன் சென்னையில் காலமானார். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடத்திற்குச் சிங்காரவேலர் மாளிகை எனப் பெயரிடப்பட்டுள்ளது. 2006 இல் இந்திய அஞ்சல் துறை அவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.