சிறிய பேச்சு, பெரிய உழைப்பு



பேச்சுப் போட்டி என்று அறிவித்ததுமே நம் பிள்ளைகளில் பலர் பின்வரிசைக்கு நழுவிவிடுகிறார்கள். நமக்கெல்லாம் மேடைப் பேச்சு வருமா, அது படிச்சவங்க வேலைங்க என்று பெற்றோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படி எண்ணுகிறவர்களுக்காகவே அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கையை இங்கே சொல்கிறேன்.

லிங்கன் 1809 பிப்ரவரி 12ஆம் நாள், கென்டக்கி மாநிலத்தில் ஒரே அறை கொண்ட மரக்குடிசையில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். காடு வெட்டி, மரம் பிளந்து வளர்ந்த பிள்ளை அவர். பள்ளிக்கூடம் போன நாள்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது! ஆனால், கையில் கிடைத்த புத்தகத்தை விடமாட்டார். பெரியவர்கள் பேசியது புரியாவிட்டால், அதை மனத்தில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். தம் வயதுப் பையன்களுக்கும் விளங்கும் சொற்களில் அதைச் சொல்ல வந்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. அதுதாங்க அவருடைய முதல் பேச்சுப் பயிற்சி.

கடைச் சிப்பந்தி, அஞ்சல் அதிகாரி, வழக்கறிஞர் என்று உயர்ந்து, 1861இல் அதிபரானார். அப்போது அந்நாட்டில் ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அதே ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது.

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் மூன்று நாள் கடும் சண்டை. இரு தரப்பிலும் இறந்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50,000 பேர். வெற்றிச் செய்தி கேட்ட மக்கள் வெள்ளை மாளிகை முன் கூடி, லிங்கனைப் பேசச் சொன்னார்கள். ஆயத்தமில்லாத பேச்சு. நாடு பிறந்து எண்பது சொச்சம் ஆண்டு இருக்குமா என்று இழுத்தார். இது பெரிய பொருள், இதற்குத் தகுந்தபடி பேச இப்போது நான் தயாராக இல்லை என்று சொல்லிச் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

ஆனால், அந்த எண்ணத்தை அவர் விட்டுவிடவில்லை. நவம்பர் 19ஆம் நாள் அதே ஊரில், மாண்ட வீரர்களின் கல்லறைத் தோட்டத் திறப்பு விழா. முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட், ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். அதிபரைச் சில வார்த்தை பேசினால் போதும் என்றுதான் அழைத்தார்கள். ரயிலில் வரும்போது ஓர் உறையின் மேல் கிறுக்கி எழுதிய பேச்சு என்று இன்றும் சிலர் கதை சொல்வார்கள். நம்பாதீர்கள். முதல் பக்கத்தை வாஷிங்டனிலேயே, அலுவலகத் தாளில் மையால் எழுதிவிட்டார். கெட்டிஸ்பர்க் வந்தும் திருத்தினார். முதல் நாள் இரவு கூட்டம் பேசச் சொன்னபோது, என் பதவியில் இருப்பவன் யோசிக்காமல் எதையும் உளறிவிடக் கூடாது என்ற கருத்தில் ஒதுங்கிக்கொண்டார்.

எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியதோ இரண்டே நிமிடம். ஏறத்தாழ 270 சொற்கள். பிள்ளைகளே, அதன் அமைப்பைப் பாருங்கள். முதலில் நேற்று: 87 ஆண்டுக்கு முன் எந்தக் கொள்கைக்காக நாடு பிறந்தது? அடுத்து இன்று: அந்தக் கொள்கைக்கு வந்திருக்கும் சோதனை. முடிவில் நாளை: இறந்தவர்கள் விட்டுப்போன வேலையை உயிரோடிருப்பவர்கள் முடிக்க வேண்டும். ஒரே கருத்து, மூன்று படி. கேட்டவர்களில் மகனைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்த இடத்தில் அவர் யாரையும் ஏசவில்லை. தம்மைப் புகழ்ந்துகொள்ளவும் இல்லை. மறுநாள் எவரெட்டே, தாம் இரண்டு மணி நேரத்தில் தொட முயன்றதை அவர் இரண்டு நிமிடத்தில் தொட்டுவிட்டார் என்று பாராட்டிக் கடிதம் எழுதினார்.

1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பாடுபட்ட அடிமை ஒழிப்புச் சட்டத்திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறியது.

பெற்றோர்களே, குழாயில் தண்ணீர் வரவில்லை, பிள்ளைகளுக்குப் பஸ் இல்லை என்று வீட்டு வாசலில் பேசினால் யாருக்குக் கேட்கும்? கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டாமா? யாரிடம் பேசுகிறோம், என்ன கேட்கிறோம் என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள். வேண்டாத சொல்லை அடியுங்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எழுத வராவிட்டால் உங்கள் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். அவனுக்கும் அது நல்ல பாடம். நாம் பேசாவிட்டால் நமக்காக யார் பேசுவார்?