பிரேஸ்கேடில்: தேசாதிபதியின் கட்டளையை எதிர்த்து வென்றவர்

டொனமூர் அரசியல் திட்டக் காலத்தைப் படிக்கும்போது பிரேஸ்கேடில் என்ற பெயரை நீங்கள் கண்டிருப்பீர்கள். பலர் அதனை இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். அவர் யார், நீதிமன்றம் எதனைத் தீர்மானித்தது என்பவற்றை விளங்கிக்கொண்டால் குடியியற் கல்வியில் வரும் அடிப்படை உரிமைகள் என்ற பாடமும் உங்களுக்கு இலகுவாகும்.

மார்க் அந்தனி லிஸ்டர் பிரேஸ்கேடில் 1912 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இளமையிலேயே தாயாருடன் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு ஓவியம் பயின்றதோடு கம்யூனிஸ்ட் இளைஞர் இயக்கத்திலும் சேர்ந்தார். 1936 இல் தேயிலைத் தோட்ட நிருவாகம் பழகுவதற்காக இலங்கை வந்து, மடுல்கலைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் சின்னத்துரையாகச் சேர்ந்தார்.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லயன் அறைகளில் வாழ்ந்த நிலையை அவர் அங்கே நேரிற் கண்டார். துரைமார் தொழிலாளரை விட்டு விலகியே நின்ற காலம் அது. பிரேஸ்கேடிலோ தொழிலாளரின் பக்கம் நின்றார். வேலை பறிபோனது. ஊருக்குத் திரும்பாமல், 1935 இல் தொடங்கப்பட்டிருந்த லங்கா சமசமாஜக் கட்சியில் இணைந்தார்.

1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் அவர் தோட்ட முதலாளிமாரைக் கண்டித்துப் பேசினார். ஒரு வெள்ளையரே வெள்ளைத் துரைமாருக்கு எதிராகத் தொழிலாளர் முன்னிலையில் மேடையேறியதைத் துரைமாரால் பொறுக்க முடியவில்லை. ஏப்ரல் 22 இல் தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்ரப்ஸின் நாடு கடத்தற் கட்டளை அவர் கையிற் கொடுக்கப்பட்டது. 24 ஆம் திகதி மாலைக்குள் அவர் வெளியேற வேண்டும். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை.

அவர் கப்பலேறவில்லை, தலைமறைவானார். மே 5 இல் அரசாங்க சபை தேசாதிபதியின் செயலைக் கண்டிக்கும் பிரேரணையை 34 இற்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. அன்றே காலிமுகத்திடற் கூட்டத்தில், பொலிசார் தேடிக்கொண்டிருந்த அந்த இளைஞர் மேடையில் தோன்றினார்! சில நாட்களின் பின் கைது செய்யப்பட்டார். உடனே ஆட்கொணர்வு எழுத்தாணை கோரி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. அவருக்காகப் புகழ்பெற்ற சட்டத்தரணி எச்.வி. பெரேரா தோன்றினார்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். மாணவர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான். தேசாதிபதி 1896 ஆம் ஆண்டின் கட்டளை ஒன்றிலிருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியிருந்தார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையில் மூன்று நீதியரசர்கள் வழக்கைக் கேட்டனர். அந்த அதிகாரம் அவசர நிலைமைக்கு மட்டுமே உரியது, சாதாரண காலத்தில் ஒருவரை வெளியேற்றுவதற்கு உரியதன்று என மே 18 இல் தீர்ப்பளித்து அவரை விடுதலை செய்தனர். அவருடைய பேச்சு சரியா பிழையா என்பதில் அன்றி, தேசாதிபதிக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதிலேயே தீர்ப்புத் தங்கியிருந்தது. ஆகவே பேச்சுச் சுதந்திரத்தை நீதிமன்றம் வழங்கியது என்று மட்டும் விடை எழுதினால் அது அரைகுறை விடையாகும்.

அன்று இலங்கையின் அரசியல் திட்டத்தில் அடிப்படை உரிமைகள் என ஓர் அத்தியாயமே இருக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அது 1972 இலேயே வந்தது. 1978 ஆம் ஆண்டு யாப்பில் 13 ஆம் உறுப்புரை எதேச்சையான கைதிலிருந்து எவரையும் பாதுகாக்கிறது. பேச்சுச் சுதந்திரம் பற்றிய 14 ஆம் உறுப்புரையோ பிரசைகளுக்கு உரியது. பிரேஸ்கேடில் போன்ற ஒரு வெளிநாட்டவர் 14 இன் கீழ் உரிமை கோர முடியாது. ஆனால் அவரைக் காத்த ஆட்கொணர்வு எழுத்தாணை 141 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதனை வழங்குவது மேன்முறையீட்டு நீதிமன்றம்.

விடுதலையான பிரேஸ்கேடில் பின்னர் எவருடைய கட்டளையும் இன்றித் தம் விருப்பப்படியே இலங்கையை விட்டுச் சென்றார். 1999 இல் காலமானார். தேசாதிபதியின் கட்டளை அவர் கைக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 24.