பூட்டுத் தொழிலாளியின் மைந்தர் ஜார்ஜ் சைமன் ஓம்

மழையும் வெயிலும் மாறி மாறி வரும் நம் நாட்டில் இரும்பு துருப்பிடிப்பதைக் காணாதவர் எவரும் இலர். வீட்டுக் கூரையின் தகரம், மிதிவண்டியின் சக்கரம், வேலிக் கம்பி, மண்வெட்டி ஆகிய யாவும் நாளடைவில் துருவுக்கு இரையாகின்றன. கண்ணுக்குத் தெரியும் துருவைச் சுரண்டிவிட்டுச் சாயம் பூசலாம். ஆனால், மண்ணுக்கடியில் செல்லும் எண்ணெய்க் குழாயின் உட்புறத்தில் ஏற்படும் அரிப்பை எப்படி அறிவது? குழாயை அறுத்துப் பார்க்க இயலுமா? அறியாமல் விட்டால், குழாய் ஒரு நாள் வெடித்து உயிருக்கும் உடைமைக்கும் கேடு விளையுமே!

மாணவச் செல்வங்களே! கண்ணுக்குப் புலப்படாத அந்த அரிப்பை மின்சாரத்தைக் கொண்டு அளந்தறியும் முறை ஒன்று இன்று உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. அம்முறைக்கு அடிப்படையாக விளங்கும் விதியைக் கண்டவர், ஜெர்மனி நாட்டில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஒருவர். அவர்தாம் ஜார்ஜ் சைமன் ஓம். நம் வழிபாட்டில் ஒலிக்கும் ஓம் என்னும் சொல்லுக்கும் இப்பெயருக்கும் தொடர்பு ஏதும் இல்லை. இஃது அவருடைய குடும்பப் பெயராகும்.

பிறப்பும் பெற்றோரும்

ஓம் 1789ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் எர்லாங்கன் என்னும் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜோஹான் வுல்ஃப்காங் ஓம் பூட்டுச் செய்யும் தொழிலாளி. தாயார் தையற்காரர் ஒருவரின் மகள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் எழுவர். அவர்களுள் ஜார்ஜ், தம்பி மார்ட்டின், தங்கை எலிசபெத் ஆகிய மூவரே பிழைத்து வளர்ந்தனர். ஜார்ஜுக்குப் பத்து வயதானபோது தாயாரும் காலமானார்.

தாயற்ற மக்களைத் தந்தையே வளர்த்தார். அவர் முறையான கல்வி பெற்றவர் அல்லர். எனினும், நாள் முழுதும் அரமும் சுத்தியலும் பிடித்து உழைத்த அவர், எஞ்சிய நேரத்தில் தாமாகவே நூல்களைக் கற்றுத் தெளிந்தவர். கணிதம், இயற்பியல், வேதியியல், தத்துவம் ஆகியவற்றைத் தாம் கற்றதோடு நில்லாமல் தம் மைந்தர் இருவருக்கும் கற்பித்தார். பதினொரு வயது முதல் பதினைந்து வயது வரை ஜார்ஜ் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். ஆயினும், அங்குப் பெற்ற அறிவியற் கல்வியைக் காட்டிலும் வீட்டில் தந்தையிடம் பெற்ற கல்வியே சிறந்ததாக இருந்தது. லாங்ஸ்டார்ஃப் என்னும் கணிதப் பேராசிரியர் அச்சிறுவனைச் சோதித்துப் பார்த்து, அவனுடைய அறிவைக் கண்டு வியந்தார்.

பெற்றோர்களே, இத்தந்தையை எண்ணிப் பாருங்கள். அவரிடம் செல்வம் இல்லை, பட்டமும் இல்லை. ஆயினும், அவர் மூட்டிய அறிவு விளக்கு இரண்டு மைந்தரையும் உயர்த்தியது. மார்ட்டினும் பிற்காலத்தில் பெர்லினில் கணிதப் பேராசிரியராக விளங்கினார்.

தந்தையின் கண்டிப்பு

1805ஆம் ஆண்டில் ஜார்ஜ் எர்லாங்கன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவர் கவனம் சிதறியது. நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் ஆகியவற்றில் பொழுது கழிந்தது. தாம் பெறாத வாய்ப்பைப் பெற்ற மகன் அதனை வீணாக்குவதைக் கண்டு தந்தை மனம் கொதித்தார். மூன்று பருவங்கள் முடிந்ததும் படிப்பை நிறுத்தச் செய்தார். பதினேழு வயது ஜார்ஜ், 1806ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டுக்குச் சென்று, ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார்.

தனிமையும் பொறுப்பும் அவரைத் திருத்தின. மீண்டும் கற்கும் ஆவல் பிறந்தது. பேராசிரியர் லாங்ஸ்டார்ஃபிடம் சென்று பயில விரும்பினார். அவரோ, ஆய்லர், லாப்லாஸ் முதலிய கணித மேதைகளின் நூல்களைத் தாமாகவே கற்குமாறு அறிவுரை வழங்கினார். அவ்வாறே பாடம் சொல்லிக் கொடுத்து ஊதியம் ஈட்டியவாறு, ஓய்வு நேரத்தில் ஓம் கற்றார். தந்தை சென்ற அதே வழியில் மகனும் சென்றார் எனலாம். 1811ஆம் ஆண்டில் எர்லாங்கன் திரும்பி, அவ்வாண்டு அக்டோபரில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

ஆசிரியர் பணி

பட்டம் பெற்றும் வறுமை நீங்கவில்லை. பல்கலைக் கழகத்தில் கிடைத்த வருவாய் வாழ்க்கைக்குப் போதவில்லை. ஆகவே, 1813ஆம் ஆண்டில் பாம்பெர்க் நகரப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். சில ஆண்டுகளில் அப்பள்ளியும் மூடப்பட்டது. மனம் தளராத ஓம் வடிவகணித நூல் ஒன்றை எழுதி, பிரஷ்ய மன்னருக்கு அனுப்பி வைத்தார். அதன் பயனாக 1817ஆம் ஆண்டில் கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு ஆசிரியர் பணி கிடைத்தது. அப்பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. பூட்டுப் பட்டறையில் வளர்ந்த கைகள் அங்கே தமக்குரிய இடத்தைக் கண்டுகொண்டன.

1820ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பி அருகிலுள்ள காந்த ஊசியை அசைக்கும் என்று கண்டறிந்தார். ஊசி எவ்வளவு திரும்புகிறதோ அதனைக் கொண்டு மின்னோட்டத்தின் அளவை அறியலாம் அல்லவா? ஓம் இதனைப் பற்றிக்கொண்டார். பகலில் பாடம், ஓய்வில் ஆய்வு என அவர் நாட்கள் கழிந்தன.

கம்பிகளும் காந்த ஊசியும்

ஒரு கம்பியில் எவ்வளவு மின்சாரம் பாயும் என்பதை எவை முடிவு செய்கின்றன? இதுவே ஓம் தமக்குள் எழுப்பிய வினா. 1825ஆம் ஆண்டில் அவர் செய்த முதல் ஆய்வுகள் சரிவர அமையவில்லை. அக்காலத்து மின்கலங்களின் வலிமை, அளந்துகொண்டிருக்கும்போதே குறைந்துகொண்டே வந்தது. அதனால் அவர் முதலில் வெளியிட்ட கணக்கும் பிழையாயிற்று.

அறிவியல் இதழொன்றின் ஆசிரியரான போகெண்டார்ஃப், வெப்பத்தால் மின்சாரம் உண்டாக்கும் முறையைக் கையாளுமாறு ஓமுக்கு யோசனை கூறினார். பிஸ்மத், செம்பு ஆகிய இரண்டு உலோகங்களை இரு முனைகளில் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரின் வெப்பத்திலும் மற்றதை உருகும் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்தால், மாறாத மின்சாரம் கிடைக்கும். கொதிநீரின் வெப்பமும் பனிக்கட்டியின் குளிரும் மாறுவதில்லை. ஆகவே மின்சாரத்தின் வலிமையும் மாறுவதில்லை.

1826ஆம் ஆண்டில் ஓம் ஒரே தடிப்புள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். அவற்றுள் மிகக் குட்டையானது 2 அங்குலம். மிக நீளமானது 130 அங்குலம். ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி இணைத்து, தொங்கவிட்ட காந்த ஊசியின் திருப்பத்தை அளந்து குறித்தார். ஒரு முறையோடு நிறுத்தவில்லை. வெவ்வேறு நாட்களில் மீண்டும் மீண்டும் அளந்தார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் பழமொழி. அந்த எண்களின் வரிசையிலிருந்து இயற்கையின் விதியொன்று வெளிப்பட்டது.

ஓமின் விதி

அவ்விதியை எளிதாக உணரலாம். தோட்டத்தில் நீர் பாய்ச்சும் குழாயை எண்ணிக்கொள்ளுங்கள். நீரைத் தள்ளும் அழுத்தம் மிகுந்தால் நீர் மிகுதியாகப் பாயும். குழாய் நீண்டும் ஒடுங்கியும் இருந்தால் குறைவாகப் பாயும். மின்சாரமும் ஏறக்குறைய இப்படித்தான். தள்ளும் வலிமைக்கு மின்னழுத்தம் என்று பெயர். பாய்வது மின்னோட்டம். பாய்வதைத் தடுக்கும் இயல்பு மின்தடை. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். இதுவே ஓமின் விதி.

கம்பியின் நீளம் இரு மடங்கானால் அதன் தடையும் இரு மடங்காகும். கம்பியின் குறுக்குப் பரப்பு பாதியானாலும் தடை இரு மடங்காகும். அஃதாவது, கம்பி மெலிய மெலியத் தடை கூடும். இந்தச் சிறிய உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துருவை அளக்கும் கலை இதிலிருந்தே பிறந்தது.

ஏமாற்றமும் ஏற்றமும்

பாதி ஊதியத்தில் ஓராண்டு விடுப்புப் பெற்றுப் பெர்லின் சென்ற ஓம், தம் முடிவுகளைக் கணித முறையில் விளக்கி 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அந்நூல் தமக்குப் பல்கலைக் கழகப் பதவி பெற்றுத் தரும் என்று நம்பினார். நடந்ததோ வேறு. அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சிலர் கடுமையாகச் சாடினர். இயற்பியலில் இத்துணைக் கணிதம் எதற்கு என்பது அக்காலத்தார் பலரின் எண்ணம். மனம் புண்பட்ட ஓம் 1828ஆம் ஆண்டில் கொலோன் பள்ளிப் பணியைத் துறந்தார். பெர்லினில் வாரத்திற்குச் சில மணிநேரம் கணிதம் கற்பித்துக் காலம் கழித்தார். 1833ஆம் ஆண்டில்தான் நியூரம்பெர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்கு நிலையான பணி கிடைத்தது.

உண்மையை நெடுநாள் மூடி வைக்க முடியாது. வேறு நாட்டு அறிஞர்களும் ஆய்வு செய்து ஓம் கூறியது சரியே எனக் கண்டனர். 1841ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் தன் உயர்ந்த விருதாகிய கோப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கிற்று. தாய்நாடு கண்டுகொள்ளாத மேதையை அயல்நாடு பாராட்டியது! அதன் பின்னரே சொந்த நாட்டின் மதிப்பும் வந்தது. 1849ஆம் ஆண்டில் மியூனிக் நகருக்கு அழைக்கப்பட்டார். 1852ஆம் ஆண்டில், தம் 63ஆம் வயதில், பல்கலைக் கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. இரண்டே ஆண்டுகளில், 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், அவர் இயற்கை எய்தினார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1881ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, அவர் பெயர் தாங்கிய ஓமை மின்தடையின் அனைத்துலக அலகாக ஏற்றுக்கொண்டது. இன்று மின்தடையை ஓம் என்னும் அலகால் அளக்கின்றோம்.

துருவை அளக்கும் கருவி

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். குழாயின் உள்ளே நிகழும் அரிப்பை அளப்பது எவ்வாறு? முன்பெல்லாம் எடை போட்ட உலோகத் துண்டு ஒன்றைக் குழாய்க்குள் வைப்பர். பல வாரங்களோ மாதங்களோ கழித்து அதனை வெளியே எடுத்து, துருவை நீக்கி, மீண்டும் எடை போடுவர். குறைந்த எடையே அரிக்கப்பட்ட உலோகம். இது நம்பத்தக்க முறைதான். இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால், விடை தெரிய நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

1950களில் ஓமின் விதியைக் கொண்டு புதிய வழி வகுக்கப்பட்டது. குழாய் எந்த உலோகத்தால் ஆனதோ, அதே உலோகத்தில் மெல்லிய தகடோ கம்பியோ செய்து குழாய்க்குள் பொருத்துவர். குழாயை அரிக்கும் பொருள் இதனையும் அரிக்கும். அரிப்பினால் தகடு மெலியும். மெலிந்தால் தடை கூடும். வெளியிலிருந்தே சிறிது மின்சாரத்தைச் செலுத்தித் தடையை அளந்தால், எவ்வளவு உலோகம் கரைந்தது என்பது கணக்கில் தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடு 0.9 மில்லிமீட்டராக மெலிந்தால் அதன் தடை ஏறத்தாழ 11 விழுக்காடு உயரும். பாதியாக மெலிந்தால் தடை இரு மடங்காகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பம் கூடினாலும் உலோகத்தின் தடை கூடும். தடை உயர்ந்தது துருவினாலா, வெப்பத்தினாலா என்று எப்படிப் பிரித்தறிவது? இதற்காகவே, துரு அணுகாதவாறு மூடிக் காக்கப்பட்ட இரண்டாவது தகடு ஒன்றையும் அருகே வைக்கின்றனர். வெப்பம் இரண்டையும் ஒன்றாகத் தாக்கும். துருவோ ஒன்றை மட்டுமே தாக்கும். இரண்டின் தடைகளையும் ஒப்பிட்டால் வெப்பத்தின் விளைவு நீங்கி, அரிப்பின் அளவு தெளிவாகும்.

எண்ணெயிலும் எரிவளியிலும் மண்ணிலும் சிமெண்டுக் கலவையிலும் இம்முறை பயன்படும். ஆயினும் இது குறையற்றது அன்று. பரவலாக ஏற்படும் அரிப்பை இது நன்கு காட்டும். ஓரிடத்தில் மட்டும் ஊசித் துளைபோல் இறங்கும் அரிப்பைச் சரியாகக் காட்டாது. ஆகவே பொறியாளர்கள் வேறு சோதனைகளையும் சேர்த்தே செய்கின்றனர்.

நாம் கற்க வேண்டியவை

கொலோன் நகரப் பள்ளியில் செப்புக் கம்பிகளை மாற்றி மாற்றி அளந்தபோது, எண்ணெய்க் குழாயைக் காக்கும் கருவியை ஓம் கனவிலும் கண்டிருக்க மாட்டார். அளந்ததை நேர்மையாகக் குறித்தார்; பிழை நேர்ந்தபோது மீண்டும் தொடங்கினார். அவ்வளவே அவர் செய்தது. அவ்வளவே, இன்று குழாய்களின் அருகிலும் ஆலைகளிலும் பணிபுரியும் எண்ணற்ற தொழிலாளர்களின் உயிருக்குக் காவலாக நிற்கின்றது.

மாணவர்களே! இளமையில் ஓம் பொழுதை வீணாக்கியதுண்டு; ஆனால், திருந்திய பின் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. நீங்களும் கற்பதை அளந்து, ஆராய்ந்து, ஐயம் நீங்கக் கற்பீராக. பெற்றோர்களே! உழைத்துக் களைத்து வீடு திரும்பிய பின்னும் தம் மைந்தருக்குப் பாடம் சொன்ன பூட்டுத் தொழிலாளியை மறவாதீர்கள். இரும்பைத் துரு அரிப்பதுபோல் அறிவைச் சோம்பல் அரிக்கும். அது நம் பிள்ளைகளை அணுகாமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.