ரசிகமணியின் விலையில்லா மாலைகள்

திருநெல்வேலியில் தொடங்கி ஆலங்குளம் வழியாகத் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் செல்லும் சாலையின் இரு முனைகளிலும் ஒருவருடைய வாழ்க்கை விரிந்து கிடக்கிறது. அவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882 - 1954). இச்சாலையோரச் சிற்றூர்களில் நாலு பேர் கூடிக் கருவி வாசித்தால், பாடினால், அதில் என்ன வருமானம் என்பதுதான் இன்று முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு வெளியே நின்று வாழ்ந்து காட்டியவர் டி.கே.சி.

சட்டம் படித்துத் திருநெல்வேலியில் வழக்கறிஞரானவர் அவர். ஆனால், நீதிமன்றம் அவரைப் பெரிதாக ஈர்க்கவில்லை. 1927-இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். 1930 முதல் 1935 வரை அறநிலையத் துறை ஆணையராக இருந்தார். பதவிகளின் கணக்கு அவ்வளவே. ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது வண்ணாரப்பேட்டை வீட்டின் தொட்டிக்கட்டில் நடந்த கூட்டங்களுக்காக.

1920-களில் அங்கே கூடிய நண்பர் குழுவுக்கு வட்டத்தொட்டி என்று பெயர் அமைந்தது. கட்டணமில்லை, மேடையில்லை. கம்பனின் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் தாளமும் உணர்ச்சியும் காதில் விழும்வரை டி.கே.சி. மீண்டும் மீண்டும் பாடுவார். கவிதையைக் கண்ணால் படிப்பதல்ல, செவியால் அனுபவிப்பதே முறை என்பது அவர் கொள்கை. ஒரே பாடலில் ஒரு மாலை கழிந்துவிடும். நேரத்துக்குக் கூலி பேசும் எந்தக் கச்சேரியிலும் இது நடக்காது.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு பொருளை நுகர நுகர அடுத்த அலகு தரும் நிறைவு குறையும் என்பது நாங்கள் வகுப்பில் முதலில் நடத்தும் பாடம். அதை விளக்கிய ஆல்பிரட் மார்ஷலே நல்ல இசையை அதிலிருந்து விலக்கிவைத்தார்; கேட்கக் கேட்க அதன் மீதான விருப்பம் வளரும் என்றார். வட்டத்தொட்டி அதற்கு நெல்லையில் கிடைத்த சான்று. அங்கே உற்பத்தியானது கலைஞர்கள் அல்லர், ரசிகர்கள். அமெச்சூர் என்னும் சொல்லின் லத்தீன் வேருக்கும் அன்பு செலுத்துதல் என்பதே பொருள்.

எனினும், இந்த வாழ்க்கையைப் போற்றும்போது அதன் செலவை யார் ஏற்றார்கள் என்பதை மறைக்கக் கூடாது. வந்தவர்க்கெல்லாம் இலை போட முடிந்த வீடு அது. அதே வட்டாரத்தில், குற்றாலத்துக்கு அருகிலுள்ள செங்கோட்டையில், 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அந்த வாய்ப்பில்லை. வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே நாடக மேடையேறினார். அவருடைய குரலுக்காக மக்கள் சீட்டு வாங்கினார்கள், இசைத்தட்டுகள் விற்றன. 1933-இல், 27 வயதில் மறைந்தார். அவர் பாடியது பணத்துக்காக என்று சொல்லி அந்த இசையை ஒரு படி கீழே வைக்க எவருக்குத் துணிவு வரும்? சென்னையில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞர்களும் அலுவலர்களும் பொழுதுபோக்காக நடித்தார்கள். அவர்களுக்கும் சோறு வேறிடத்திலிருந்து வந்தது.

டி.கே.சி.யின் சுதந்திரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. பிழைப்புக்காக எழுதாதவர் எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. எவருடைய திருத்தத்தையும் ஏற்க வேண்டியதுமில்லை. கம்பராமாயணத்தில் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையே மாற்றினார். ஏட்டுச்சுவடி ஆதாரம் கேட்ட புலவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இந்த வழக்கில் நான் புலவர்கள் பக்கம். ரசனை எவ்வளவு கூர்மையானாலும் அது சுவடிக்குப் பதிலாகாது.

ஆனால், அதே துணிவுதான் பிறருக்குப் பயன்பட்டது. நாஞ்சில் நாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்த தேசிக விநாயகம் பிள்ளையின் கவிதைகளை ஊர் ஊராகப் பேசிப் பரப்பினார். தமிழ்நாட்டு மேடையில் தமிழில் பாடுவது இயல்பல்லவா என்று கேட்ட தமிழிசை இயக்கம் 1940-களில் எழுந்தபோது அதற்கு உறுதியான குரல் கொடுத்தார். தொழில்முறை வித்வான்கள் பலர் சபாக்களின் மனநிலையை எண்ணித் தயங்கிய காலம் அது. சபாவை நம்பிப் பிழைக்காதவருக்கு அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை.

பிற்காலத்தில் குற்றாலமே அவர் இருப்பிடமாயிற்று. சாரல் காலத்தில் ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். அருவிக் குளியல், விருந்து, பிறகு கவிதை என்பதே நாளின் ஒழுங்கு. எழுதிக் குவிக்கும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நண்பர்களுக்கு ஏராளமாகக் கடிதம் எழுதினார். அச்சுக்கென்று எழுதாத அவை பின்னாளில் நூலாயின. 1954 பிப்ரவரியில் காலமானார்.

வட்டத்தொட்டியில் இருந்தவர்கள் தத்தம் வேலையை விட்டுவிடவில்லை. எஸ். மகாராஜன் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். ஓய்வு நேரத்தில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் லியர் மன்னனையும் தமிழில் தந்தார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த் துறை அதிகாரி. தஞ்சையில் அவர் பணியாற்றியபோது, கேட்பாரற்றுக் கிடந்த சிற்பங்களைத் தேடிச் சேர்த்து அரண்மனையில் வைத்தார். 1951-இல் தொடங்கிய அந்தக் கலைக்கூடம் இன்றும் திறந்திருக்கிறது.