இதயத்தின் உண்டியலைக் கண்டவர்

பள்ளியில் வாரம் ஒரு நாள் சத்து மாத்திரை தருகிறார்களே, ஒழுங்காக விழுங்குகிறீர்களா? சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு நிறம், பெரிய பிள்ளைகளுக்கு நீல நிறம். அதில் இரும்புச் சத்தோடு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் இருக்கிறது. நம் உடம்பில் புது ரத்தம் ஊற இந்த வைட்டமின் அவசியம்.

அந்த வைட்டமினைப் பரிசோதனைச் சாலையிலேயே செய்து காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், நம் சென்னையில் படித்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றவர்! அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. ஏழு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பம். படிப்பில் மனம் ஒட்டவில்லை. பதின்மூன்று வயதில் ஒரு நாள் வீட்டை விட்டு ஓடிப்போனார். எங்கே தெரியுமா? காசிக்கு! அங்கே வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்பது திட்டம். அம்மா வெங்கம்மா விடுவாரா? ஆள் அனுப்பிப் பிடித்து வந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார்.

அப்பா இறந்த பிறகு குடும்பம் மேலும் நொடித்தது. வெங்கம்மா தன்னிடமிருந்த நகையை விற்று மகனைப் படிக்க வைத்தார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முயற்சியில்தான் சுப்பாராவ் மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே படிக்கும்போது துறவியாகிவிட வேண்டும் என்று ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்தை நாடினார். அம்மா சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்தால் அதுவும் தொண்டுதானே என்று மடத்துப் பெரியவர்கள் வழி சொன்னார்கள். அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்த நாட்களில்தான் குடும்பத்தில் இடி விழுந்தது. அவருடைய சகோதரர்கள் இருவர், ஒரு வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். 'ஸ்புரூ' என்ற குடல் நோய். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிற்காது. ரத்தம் வற்றி, ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். அன்றைக்கு அதற்குச் சரியான மருந்து கிடையாது. சுப்பாராவையும் அதே நோய் பிடித்தது. ஆசந்த லட்சுமிபதி என்ற புகழ்பெற்ற ஆயுர்வேத மருத்துவர்தான் அவரைப் பிழைக்க வைத்தார். இந்த நோய்க்கு மருந்து எது என்ற கேள்வி அவர் மனதை விட்டு அகலவே இல்லை.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று சுப்பாராவ் கதர் உடுத்தத் தொடங்கினார். அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியிலேயே போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கிட்டவில்லை. ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார்.

மாமனாரின் பண உதவியோடும், ஓர் அறக்கட்டளை தந்த நம்பிக்கையோடும் 1922-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றுதான் இருவரும் நினைத்திருக்க வேண்டும்.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல நோய்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. சோற்றுக்கு வழி? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு, காலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டே போகும் அண்ணன்மாரையும் அக்காமாரையும் பார்த்திருப்பீர்கள். சுப்பாராவும் அப்படித்தான். இரவில் மருத்துவமனை ஊழியர் வேலை. நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவுவதும் அதில் அடக்கம். மருத்துவம் படித்துவிட்டு இந்த வேலையா என்று அவர் நினைக்கவில்லை. பகலில் படித்தார்.

பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்து அளக்கும் முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டார்கள். கல்லூரியில் உயிர்வேதியியல் படிக்கப் போகிறவர்கள் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்ற பெயரைப் பாடப் புத்தகத்தில் பார்ப்பீர்கள்.

அந்த முறையைக் கொண்டு தசையைச் சோதித்தபோது அவர்களுக்கு ஒரு புதையல் கிடைத்தது. நீங்கள் ஓடும்போது காலுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து. இதயம் துடிப்பதற்கும் அதுதான் வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறதே, அத்தனை துடிப்புக்கும்! ஆனால் தசையில் இருக்கும் ஏ.டி.பி. சில விநாடிகளுக்குத்தான் போதும். அதைக் கைச்செலவுக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? உண்டியலைக் குலுக்குவீர்கள் அல்லவா? தசைக்குள்ளும் ஓர் உண்டியல் இருக்கிறது. அதன் பெயர் பாஸ்போகிரியேட்டின். ஏ.டி.பி. குறையும்போது, அடுத்த கணமே அதை நிரப்பித் தருவது இந்த உண்டியல்தான்.

உண்டியலைப் பற்றி 1927-இல் அறிவித்தார்கள். இங்கிலாந்திலும் அதே பொருளை அப்போது வேறு இருவர் கண்டிருந்தார்கள். 1929-இல் ஏ.டி.பி.யைப் பற்றியும் வெளியிட்டார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே ஆண்டு தனியாக அதைக் கண்டுபிடித்தார். தசை எப்படி இயங்குகிறது என்று சொன்னதற்காக 1922-ஆம் ஆண்டு நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அந்த விளக்கத்தையே மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. பெயரும் புகழும் பெரும்பாலும் மற்றவர்களுக்கே போயின. அதே ஆய்வுக்கூடத்தில் பயின்று பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் கண்டவற்றில் சில ஃபிஸ்கேயின் பொறாமையால் வெளிவராமலே போயின என்று கூறியிருக்கிறார். சுப்பாராவோ யாரிடமும் சண்டைக்குப் போனவரில்லை. கொஞ்சம் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது!

1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். சீக்கிரமே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரானார். இங்கேதான் அவருடைய பழைய கேள்விக்கு விடை கிடைத்தது.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928 முதல் பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் ஏதோ ஒரு பொருள் அதைக் குணப்படுத்துகிறது என்று கண்டார். ஈரலிலும் அது இருந்தது. ஆனால் மிகமிகக் கொஞ்சம். அது என்ன பொருள் என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடு. சுப்பாராவின் குழு ஈரலிலிருந்து அதைப் பிரித்தது. 1945-இல் அதைச் செயற்கையாகவும் செய்து காட்டியது. அதுதான் ஃபோலிக் அமிலம்! அடுத்த ஆண்டே கியூபாவில் டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் அதை ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் தேறி எழுந்தார்கள். சகோதரர்கள் இருவரும் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளைப் பார்த்து வந்தார். அந்த நோயில் கெட்ட அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். பெருகுவதற்கு அவற்றுக்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அப்படியானால் அதே போலத் தோற்றமளிக்கும் ஒரு போலியைக் கொடுத்தால்? பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் மாட்டிக்கொள்ளும் போலிச் சாவி மாதிரி! சுப்பாராவின் ஆய்வுக்கூடம் அப்படிப்பட்ட போலிகளைச் செய்து ஃபார்பருக்கு அனுப்பியது. அமினோப்டெரின் என்ற மருந்து 16 குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களுக்குத்தான் என்றாலும், அதுவரை அப்படி நடந்ததே இல்லை. 1948 ஜூன் மாதம் அந்தச் செய்தி வெளிவந்தது. அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அவருடைய பிரிவிலிருந்து வந்ததுதான். ஆரியோமைசின் என்ற நோய்க்கொல்லி மருந்தும் அப்படியே. வயல் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர். பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற பிறகு, எழுபது வயதுக்கு மேல் கண்டுபிடித்தார்! (ஓய்வுபெற்ற ஆசிரியர்களைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள்.)

1948 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலையில் சுப்பாராவ் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுபோயிருந்தது. வயது 53. இதயம் எந்தச் சக்தியில் துடிக்கிறது என்று உலகுக்குச் சொன்னவருக்கு அப்படி ஒரு முடிவு. 1946-இல் சட்டம் மாறியபின் அமெரிக்கக் குடியுரிமை பெற வழி இருந்தும், அவர் பெறவில்லை. ஊருக்கும் ஒருமுறைகூட வரவில்லை. அவருடைய ஒரே மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டான். சேஷகிரி அம்மையார் கணவரை மறுபடி பார்க்கவே இல்லை. மருந்துகளைப் பற்றிப் படிக்கும்போது பெருமையாக இருக்கிறது. இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு மனம் கனத்துவிடும்.

அவர் போன பிறகும் அவருடைய கண்டுபிடிப்புகள் இதய மருத்துவத்தில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மாரடைப்பு வந்தால் இதயத் தசை சிதைந்து, உண்டியலைத் திறக்கும் நொதி ரத்தத்தில் கசியும். அதை அளந்துதான் வெகுகாலம் மாரடைப்பை உறுதி செய்தார்கள். இன்று பெரும்பாலும் ட்ரோபோனின் என்ற வேறு பரிசோதனை வந்துவிட்டது. உடம்பைக் கீறாமலே, காந்தப் புலத்தைக் கொண்டு உயிருள்ள இதயத்தின் உண்டியலைப் பார்க்கவும் முடிகிறது. பலவீனமான இதயத்தில் ஏ.டி.பி.யோடு ஒப்பிட்டால் பாஸ்போகிரியேட்டின் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்த அளவில் செய்யும் இரும்பு ஆக்சைடு துகள்களை உடம்பில் செலுத்தினால், ஸ்கேன் படத்தில் அவை தனியாகத் தெரியும். ஆனால் அவை சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே? கூரியர் பொட்டலத்துக்கு முகவரி ஒட்டுவது போல, துகளின் மேல் ஃபோலிக் அமிலத்தை ஒட்டி ஆராய்கிறார்கள். சிலவகைப் புற்றுநோய் அணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் என்றால் கொள்ளை ஆசை. அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். இதயத்தின் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து புண்ணாகும் இடத்தில் கூடும் அணுக்களுக்கும் அதே ஆசை உண்டு. அதனால் அந்தப் புண்ணைப் படம் பிடிக்கவும் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டை இதய நோய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 4,786 பேரிடம் சோதித்து 2018-இல் முடிவு சொன்னார்கள். சிறிய அளவில் கொடுத்த அந்த மருந்தால் மாரடைப்பு குறையவில்லை! ஆராய்ச்சியில் இதுவும் உண்டு. ஆனால் பிரேசில் நாட்டில் அதே மருந்தை மிக நுண்ணிய கொழுப்புத் துளிகளில் ஏற்றி முயல்களுக்குச் செலுத்தியபோது, ரத்தக் குழாயில் படிந்த கொழுப்பு வெகுவாகக் குறைந்தது. மனிதர்களுக்கு அது பலன் தருமா என்ற ஆராய்ச்சியும் தொடங்கியது.

கார்கள் செய்யும் ஒரகடத்தில், மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரு தொழிற்பூங்கா அமைக்கத் தமிழக அரசு திட்டமிட்டது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் யாராவது பிற்பாடு இந்த முயல் ஆராய்ச்சி என்ன ஆனது என்று பார்த்துச் சொன்னால் நல்லது.

இந்திய அரசு 1995-இல் சுப்பாராவின் நூற்றாண்டுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதற்கு வெகு முன்பே, 1953-இல், லெடர்லி கம்பெனியின் விஞ்ஞானி ஒருவர் தாம் கண்ட புதுப் பூஞ்சை ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தார். சுப்பாரோமைசிஸ் ஸ்பிளெண்டென்ஸ் என்பது அந்தப் பூஞ்சையின் முழுப் பெயர்.