சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டனும் சாதாரண குடிமகனின் நீதியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களுக்கு நீதிமன்றம் புதிய இடமல்ல. காணி உறுதி, கரையோரத்தில் வாடி அமைத்த நிலத்துண்டு, சீதன வீடு, வலைத் தகராறு, பிள்ளைச் செலவு என ஏதோ ஒன்று எந்தக் குடும்பத்தையும் ஒருநாள் அந்தப் படிகளில் ஏற்றிவிடுகின்றது. எனினும் அங்கே தமக்குரிய உரிமைகள் எவை என்பதை அறிந்து செல்வோர் மிகச் சிலரே. சட்டத்தரணி சொல்வதற்குத் தலையசைத்துவிட்டு, அடுத்த தவணைத் திகதியை மட்டும் குறித்துக்கொண்டு கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் திரும்புவோரையே நாம் அதிகம் காண்கின்றோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே நிலையைக் கண்டு அதற்குப் பரிகாரம் தேடிய நீதியரசர் ஒருவர் இந்நாட்டில் இருந்தார். அவர் ஆங்கில ஆட்சியின் ஊழியர். ஆனால் தமிழ் கற்றவர். சட்ட மாணவர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டனே அவர்.

ஸ்கொட்லாந்தின் டம்பிரீஸ் பகுதியில் 1775ஆம் ஆண்டு பிறந்த ஜோன்ஸ்டன், தந்தையாரின் உத்தியோகம் காரணமாகச் சிறுவயதிலேயே மதுரைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குக் கற்பித்தவர்களுள் தஞ்சாவூரோடு பெயர் பிணைந்த சுவார்ட்ஸ் பாதிரியாரும், பிற்காலத்தில் தென்னிந்தியச் சுவடிகளைப் பெருந்தொகையாகத் திரட்டிய கொலின் மக்கென்சியும் அடங்குவர். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் அவருக்கு இளமையிலேயே பழகிப்போயின. 1792இல் ஐரோப்பா திரும்பி, ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரிலும் பின்னர் லண்டனிலும் சட்டம் பயின்றார். 1801ஆம் ஆண்டுச் சாசனத்தின் மூலம் இலங்கையில் உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டதைத் தொடர்ந்து அரச சட்ட அதிகாரியாக இங்கு வந்து, 1811இல் பிரதம நீதியரசராக உயர்ந்தார்.

அவர் வந்தபோது இத்தீவின் கரையோரம் ஒல்லாந்தரிடமிருந்து கைமாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திருகோணமலைக் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. நீதிபதி ஆங்கிலத்தில் சிந்தித்தார். சட்டம் ரோமன் ஒல்லாந்தச் சட்டமாக இருந்தது. சாட்சி தமிழிலோ சிங்களத்திலோ பேசினார். நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளரின் நேர்மையிலேயே ஒருவரின் உயிரும் உடைமையும் தங்கியிருந்தன. மக்கள் தம் வழக்காறுகளின்படி நீதி பெறலாம் எனச் சாசனம் கூறியபோதிலும், அந்த வழக்காறுகள் எவை என்பதை நீதிபதிக்கு எடுத்துரைப்பார் இல்லை.

இந்த இடைவெளியை எழுத்தின் மூலம் நிரப்ப முற்பட்டவர்களுள் ஜோன்ஸ்டன் முதன்மையானவர். ஒல்லாந்தர் பதாவியாவிலிருந்து கொண்டுவந்து பயன்படுத்திய முஸ்லிம் சட்டத் தொகுப்பைத் திருத்தி, கொழும்பு முஸ்லிம் தலைவர்களின் இணக்கத்தைப் பெற்று, 1806 ஆகஸ்டில் அரசாங்கத்திடம் சமர்ப்பித்தார். முகம்மதியச் சட்டக்கோவை என நீதிமன்றங்கள் நெடுங்காலம் மேற்கோள் காட்டிய ஆவணம் இதுவேயாகும். வாரிசுரிமை, திருமணம், மணவிலக்கு ஆகியனவே அதன் பெரும்பகுதி. அதே ஆண்டில்தான், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையும் யாழ்ப்பாண மாகாணத் தமிழருக்குரிய சட்டமாக ஒழுங்குவிதி மூலம் உறுதிசெய்யப்பட்டது.

இத்தொகுப்பில் குறையொன்று இருந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கொழும்புப் பகுதிப் பெரியோரிடம் கேட்டு எழுதப்பட்ட சட்டம், 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் தீவு முழுவதற்கும் விரிக்கப்பட்டது. மகளுக்கு வீடு எழுதிக்கொடுத்து மருமகனை அந்த வீட்டிற்கு அழைக்கும் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கம் அதற்கு முன்னர் கேட்டறியப்பட்டதா என்பது நியாயமான கேள்வி. பின்னர் வந்த 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும், 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் பழைய கோவையின் இடத்தைப் பெற்றன. காதி நீதிமன்றம் பற்றி இன்று நடைபெறும் விவாதமும், யாரிடம் கேட்டுச் சட்டம் எழுதப்படுகிறது என்ற அந்தப் பழைய கேள்வியின் தொடர்ச்சியே என்பது எமது கருத்து.

ஜோன்ஸ்டனின் பெயரை நிலைநாட்டிய செயல், ஜூரி முறையை இங்கு கொணர்ந்தமையாகும். 1809இல் இங்கிலாந்து சென்று அரசாங்கத்தோடு வாதாடி, குற்ற வழக்குகளில் உள்நாட்டவரையே ஜூரிகளாக அமர்த்தும் அதிகாரத்தைப் பெற்றுத் திரும்பினார். அதன்படி 1811 முதல், உயர் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் தம் சமூகத்தைச் சேர்ந்த பதின்மூன்று பேர் முன்னிலையில் விசாரிக்கப்படும் உரிமையைப் பெற்றனர். பெரும்பான்மையோரின் முடிவே தீர்ப்பு. ஐரோப்பியர் அல்லாதோர் தம்மவரின் குற்றத்தைத் தாமே நிறுத்துப் பார்ப்பதென்பது ஆங்கில ஆட்சியின் கீழிருந்த ஆசியாவில் அதுவரை எண்ணிப் பார்க்கப்படாத ஒன்று.

அவரது வாதம் எளிமையானது. சாட்சி சொல்பவரின் ஊரையும் உறவையும் பகையையும் அறிந்தவர், அந்நிய நீதிபதியைவிட விரைவில் பொய்யைக் கண்டுகொள்வார். மேலும், ஜூரியாக அமர்ந்த ஒருவர் வீடு திரும்பும்போது சட்டத்தின் ஒரு பகுதியைத் தம்மோடு ஊருக்குக் கொண்டுசெல்கின்றார். வடபகுதியில் நடைபெற்ற கொலை வழக்கொன்றை அவர் பின்னர் ஒரு கடிதத்தில் விவரித்திருக்கின்றார். ஏனைய ஜூரிகள் குற்றவாளியெனக் கருதிவிட்ட நிலையில், இளம் பிராமணர் ஒருவர் மாத்திரம் சாட்சிகளை மேலும் விசாரிக்க அனுமதி கேட்டார். அவர் தொடுத்த வினாக்களால் குற்றச்சாட்டே புனையப்பட்டது என்பது வெளிப்பட்டது. இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சருக்கு 1825இல் அவர் எழுதிய கடிதத்தை அடுத்து, 1826ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களின் இந்தியருக்கும் ஜூரி ஆசனத்தைத் திறந்துவிட்டது. அதிலும் கிறிஸ்தவர் அல்லாதோருக்குப் பாரபட்சம் இருந்தமையால் ராஜாராம் மோகன் ராய் அதனை எதிர்த்தார்.

இலங்கையிலோ ஜூரிகள் சாதி வாரியாகவே பிரிக்கப்பட்டனர். நீதியின் பெயரால் சாதிக்கு அரச முத்திரை குத்தப்பட்டதாகவே நாம் இதனைக் கொள்ள வேண்டும். ஆனால் அந்த ஆசனத்தைக் கொண்டே அவர் இன்னொன்றையும் சாதிக்க முயன்றார். சுதந்திர மனிதருக்குரிய உரிமையை அனுபவிப்போர் மற்றவரை அடிமையாக வைத்திருத்தல் தகாது என எடுத்துரைத்து, 1816 ஆகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பின் பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகள் சுதந்திரர் என உடைமையாளர் பலரை அறிவிக்கச் செய்தார். அடிமைத்தனம் சட்டப்படி முற்றாக ஒழிய 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திருகோணமலைக்கும் அவர் எழுத்தில் இடமுண்டு. இலங்கை முஸ்லிம்களின் வரலாறு குறித்து 1827இல் வெளிவந்த அவரது கட்டுரை, அரேபியாவிலிருந்து எட்டாம் நூற்றாண்டில் வந்தோர் அமைத்த எட்டுக் குடியேற்றங்களைப் பெயர் கூறிக் குறிப்பிடுகின்றது. திருகோணமலை அவற்றுள் ஒன்று. இதனை அவர் முஸ்லிம் பெரியோரிடம் கேட்டு எழுதினார். மரபுக் கதையா வரலாறா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. துறைமுகங்களில் கலம் செலுத்திய இந்து, முஸ்லிம் வணிகரின் கடல் வழக்காறுகளையும் அவர் திரட்டினார். கப்பலில் பங்கு வைத்தோரும் சரக்கு ஏற்றியோரும் பிணக்குற்றால் அவர்களின் வழக்காற்றை அறிந்தே தீர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1819இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். லண்டனில் ரோயல் ஆசியக் கழகத்தை நிறுவியோருள் ஒருவராகவும், பிரிவி கவுன்சில் உறுப்பினராகவும் விளங்கி, 1849 மார்ச் 6ஆம் திகதி காலமானார்.

அவர் நட்ட ஜூரி முறை இலங்கையில் இன்னும் சட்டத்தில் உள்ளது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தின்படி, கொலை போன்ற பாரதூரமான குற்றங்களுக்கு மேல் நீதிமன்றத்தில் எதிரி விரும்பினால் எழுவர் கொண்ட ஜூரி முன் விசாரணை கோரலாம். தெரிவு எதிரிக்கே உரியது, பாதிக்கப்பட்டவருக்கு இல்லை. இதன் விளைவை எமது மாவட்டம் நன்கறியும். மூதூர்ப் பகுதியின் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11ஆம் திகதி இருபதுக்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்ட வழக்கு, திருகோணமலையிலிருந்து அனுராதபுரத்திற்கு மாற்றப்பட்டது. 2016 ஜூலையில் ஜூரிகளின் தீர்ப்பின்படி இராணுவத்தினர் அறுவர் விடுதலையாயினர். அதே ஆண்டு டிசம்பரில், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கிலும், குடும்பத்தினரின் ஆட்சேபத்தை மீறிச் சிங்களம் பேசும் ஜூரி அமர்த்தப்பட்டு எதிரிகள் விடுவிக்கப்பட்டனர். தம்மவரைக் கொண்டு தம்மவரை விசாரித்தல் என்ற ஏற்பாடு, இனங்கள் மோதிக்கொண்ட நாட்டில் எதிரிக்கு அரணாகவும் கொல்லப்பட்டவரின் உறவினருக்குச் சுவராகவும் அமையக்கூடும் என்பதை ஜோன்ஸ்டன் எண்ணியிருக்க மாட்டார்.

ஆயினும் அவர் அகற்ற முயன்ற மொழித் தடைக்கு இன்று சட்டப் பரிகாரம் உண்டு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்காளியாயினும் எதிரியாயினும் நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமையை அளிக்கின்றது. கைது செய்யப்படுபவருக்குக் காரணம் கூறப்பட வேண்டும் என்கின்றது 13ஆம் உறுப்புரை. நிறைவேற்றுத்துறையோ நிருவாகத்துறையோ அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்திற்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். இவ்விரு ஆணைக்குழுக்களுக்கும் திருகோணமலை நகரிலேயே அலுவலகங்கள் உள்ளன.